வாசகர் கேள்வி: பரோல் மறுத்துவிட்டார்கள், மகள் கல்யாணத்துக்கு அவர் வர வழி உண்டா?

கேள்வி:

ஐயா, கும்பகோணம் பக்கம் அரசலாற்றங்கரையில் ஒரு ஊர் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுத் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறார். வரப்புத் தகராறில் நடந்தது. இறந்தவர் எங்கள் தெருக்காரர், தூரத்துப் பங்காளி. அவர் வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இவர் உள்ளே போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இதற்கு முன் இரண்டு தடவை லீவில் வந்து, சொன்ன தேதிக்கு ஒழுங்காகத் திரும்பிப் போனார். மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். சித்திரையிலேயே மனு கொடுத்தோம். இப்போது "நன்னடத்தை அலுவலர் பரிந்துரைக்கவில்லை, சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்" என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். அந்த அலுவலர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போனார் என்கிறார்கள். இறந்தவரின் மனைவியிடம் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கிவிட்டால் காரியம் நடக்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? கோர்ட்டுக்குப் போகலாமா? லீவில் வந்த நாளெல்லாம் தண்டனையில் கழியுமா? பதினாலு வருஷம் முடிந்தால் தானாக விட்டுவிடுவார்களா? அண்ணா பிறந்தநாளுக்கு நிறையப் பேரை விட்டார்களே, இவர் பேர் ஏன் வரவில்லை?

ஒரு வாசகி, கும்பகோணம் வட்டம்

வழக்கறிஞர் பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கல்யாணத்துக்கு நாள் இருக்கும்போதே எழுதினீர்கள், நல்லதாயிற்று. ஊர்ப் பெரியவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் நாளைக்கே செய்துவிடக் கூடும். வேண்டாம். அந்த அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டு யாரையும் அனுப்பாதீர்கள்.

இறந்தவரின் குடும்பம் சம்மதித்தால்தான் விடுப்பு என்று விதிகளில் எங்கும் இல்லை. பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நாலு பேர் போய் வாசலில் நின்று கேட்டால், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் எந்த மனநிலையில் கையெழுத்துப் போடுவார்? போட்டுக் கொடுத்துவிட்ட பிறகு, "மிரட்டி வாங்கினார்கள்" என்று அவருடைய உறவினர் ஒருவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் போதும். இன்று ஆதாரம் இல்லாமல் நிற்கிற "சட்டம் ஒழுங்கு" என்ற காரணத்துக்கு நீங்களே ஆதாரம் தேடிக் கொடுத்தது போல ஆகிவிடும். அதன்மேல் ஒரு வழக்குப் பதிவானால் இந்த விடுப்பு மட்டுமல்ல, பின்னால் வரவேண்டிய முன்விடுதலையும் (ஆயுள் முழுவதும் உள்ளே வைக்காமல் அரசு முன்னதாக விடுவிப்பது) சிக்கலாகும். இதெல்லாம் வக்கீல் கணக்கு. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: மன்னிக்கிறேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லியே தீரவேண்டிய இடத்தில் அந்த அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது.

சரி, இப்போது அந்த ஒரு வரி உத்தரவுக்கு வருவோம்.

நாம் பரோல் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் அடிப்படை, 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று அதில் இரண்டு உண்டு. அவசர விடுப்பு நெருங்கிய உறவின் சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்குச் சில நாட்கள் கிடைப்பது. சாதாரண விடுப்பு அதைவிட நீண்டது, மூன்று ஆண்டு சிறையில் கழித்த பிறகு கேட்கலாம். என்னென்ன காரணங்களுக்குக் கேட்கலாம் என்று விதி 20 சொல்கிறது. குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைகளைப் பள்ளி கல்லூரியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுது பார்ப்பது, மகன் மகள் திருமணம், பாகப்பிரிவினை மாதிரியான குடும்பத் தகராறைத் தீர்ப்பது, விதைப்பு அறுவடை போன்ற விவசாய வேலை எல்லாம் அதில் வருகின்றன. மகள் கல்யாணம் நேரடியாகவே இருக்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை, விதியில் எழுதி வைத்திருக்கிற காரணத்துக்காகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

விவசாய வேலை என்ற காரணத்தை நம் டெல்டாக் குடும்பங்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் என்று நம்பி வைகாசி கடைசியில் மனு எழுதுவார்கள். விசாரணை முடிந்து உத்தரவு வருவதற்குள் குறுவை நட்டு முடிந்திருக்கும். இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே மனு போக வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் சித்திரையிலேயே கொடுத்துவிட்டீர்கள், உங்கள் பக்கம் தாமதம் இல்லை.

மனு போகும் வழி இது. சிறைக் கண்காணிப்பாளர் அதை நன்னடத்தை அலுவலருக்கு அனுப்புவார். உள்ளூர்க் காவல் நிலையத்திடமும் கருத்துக் கேட்பார்கள். அறிக்கைகள் வந்த பிறகு சிறைத்துறை டி.ஐ.ஜி. மட்டத்தில் உத்தரவாகும். முடிவெடுக்கும் அதிகாரி உங்கள் ஊரைப் பார்த்ததில்லை, உங்கள் கணவரோடும் அநேகமாகப் பேசியிருக்கமாட்டார். அவர் கையில் இருப்பது இரண்டு தாள். அந்தத் தாள்தான் உங்கள் பெண்ணின் கல்யாணத்தை முடிவு செய்கிறது.

அதனால் முதல் வேலை அந்தத் தாளைக் கையில் வாங்குவது. நிராகரிப்பு உத்தரவின் நகலைச் சிறையில் உங்கள் கணவர் எழுதிக் கேட்கட்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் காவல் நிலைய அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்கள் கேளுங்கள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் போதும். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 7 சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்ற பெயர்களை மறைத்துத் தருவார்கள், அது சரிதான், பெயர் உங்களுக்கு வேண்டியதுமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தாரா, எந்தத் தேதியில் வந்தார், பழைய இரண்டு விடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதினாரா என்பதுதான் வேண்டும். தகவல் வரட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஒரு வரி உத்தரவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஒரு அதிகாரியின் உத்தரவு செல்லுமா செல்லாதா என்பதை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்துச் சரிக்கட்ட முடியாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. பரோலைப் பற்றியே 2017இல் அஷ்ஃபாக் வழக்கில் பேசிய அதே நீதிமன்றம், குற்றத்தின் தன்மையை மட்டும் காட்டி ஒருவருக்கு அடியோடு மறுக்கக் கூடாது, திருந்தி வருகிறவர் வெளிக்காற்றைச் சுவாசிக்கவும் குடும்ப உறவு அறுந்துபோகாமல் இருக்கவும் இடம் வேண்டும் என்றது. இரண்டு முறை வந்து ஒழுங்காகத் திரும்பியவரை இந்த முறை விட்டால் சட்டம் ஒழுங்கு கெடும் என்றால், இடையில் என்ன மாறியது என்று உத்தரவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கள் வழக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் பலத்தை மட்டும் நம்பி நேராகக் கோர்ட்டுக்கு ஓடச் சொல்லமாட்டேன். அந்த ஒரு வரியில் ஒரு துளி நியாயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீடும் ஒரே தெருவில். கல்யாணம் என்றால் பந்தல், மேளம், வாசலில் கூட்டம். அந்த அம்மாவின் மகன்கள் வளர்ந்திருப்பார்கள். யாரோ ஒருவர் குடித்துவிட்டு ஒரு சொல் சொன்னாலும் போதும் என்று இன்ஸ்பெக்டர் பயப்படுவதில் ஆச்சரியமில்லை. அந்தப் பயத்துக்கு இடமில்லாதபடி புது மனு ஒன்று கொடுங்கள்.

அதில் இப்படி எழுதச் சொல்வேன்: கல்யாணம் ஊரில் நடக்கவில்லை, கும்பகோணத்தில் அல்லது மாப்பிள்ளை ஊரில் மண்டபத்தில் நடக்கிறது, விடுப்பு நாட்களில் அவர் ஊருக்கே வரமாட்டார், உங்கள் பிறந்த வீட்டிலோ வேறு உறவினர் வீட்டிலோ தங்குவார், அங்குள்ள காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போடுவார். தங்கப்போகும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீது, கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்று, உங்கள் குடும்ப அட்டை, ஜாமீன் நிற்க இரண்டு பேரின் விவரம், பழைய இரண்டு விடுப்பு உத்தரவுகள், திரும்பி ஆஜரான தேதி எல்லாவற்றையும் இணையுங்கள். மண்டபம் இன்னும் முடிவாகவில்லை என்றால் இந்த வாரமே முடிவு செய்யுங்கள். சொந்த வாசலில் பந்தல் போட முடியவில்லையே என்று உங்களுக்கு மனத்தாங்கல் வரும். அதைப் பொறுத்துக்கொண்டால் அப்பா கையால் தாரை வார்க்க வழி பிறக்கும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த நளினி, மகள் திருமண ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். 2019 ஜூலையில் ஒரு மாதம் கொடுத்தார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் தங்க வேண்டும், பேட்டி கொடுக்கக் கூடாது என்ற மாதிரி நிபந்தனைகளோடு. நாட்டின் மிகக் கனமான வழக்குகளில் ஒன்றுக்கே இடத்தை மாற்றி, நிபந்தனை போட்டு வழி பண்ண முடிந்தது. வரப்புத் தகராறுக்கு முடியாதா?

அதோடு, சாதாரண விடுப்பு கிடைக்காவிட்டால் திருமணத்துக்காக அவசர விடுப்பாவது, தேவையானால் வழிக்காவலுடனாவது தாருங்கள் என்று அதே மனுவில் மாற்றுக் கோரிக்கை வையுங்கள். போலீஸோடு வருவது பெண்ணின் புகுந்த வீட்டார் முன்னால் சங்கடம்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாது என்றால் இன்றே சொல்லிவிடுங்கள், மண்டபத்தில் தெரியவருவது இன்னும் மோசம். சாதாரண உடையில் வரும்படி கேட்கலாம், நீதிமன்றமும் சில சமயம் அப்படி உத்தரவிடுகிறது. விதிகளில் எது குறுக்கே நின்றாலும் அதிலிருந்து விலக்குத் தர விதி 40 அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. மனுவின் கடைசியில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கணவரின் மேல்முறையீடு எங்காவது நிலுவையில் இருக்கிறதா? உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியான பிறகு உச்ச நீதிமன்றத்தில் போட்டுவிட்டு மறந்துபோன குடும்பங்கள் உண்டு. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது சிறைத்துறை விடுப்புத் தர முடியாது, அந்த நீதிமன்றத்திடமே தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு வழக்கு விசாரணையில் இருந்தாலும் விதி 35 தடுக்கும்.

புது மனுவுக்கும் அசைவில்லை, அல்லது மறுபடி மறுக்கிறார்கள் என்றால் உயர் நீதிமன்றம். சிறை திருச்சியில், நீங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில், அதனால் மதுரைக் கிளை. (ஆற்றைத் தாண்டிக் குடவாசல் போனால் திருவாரூர் மாவட்டம், அவர்கள் கோர்ட்டு சென்னை. 2004இல் மதுரைக் கிளை வந்தபோது டெல்டாவை இப்படிப் பிரித்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இது இன்றும் அலைச்சல்.) மனைவியாகிய நீங்களே ரிட் மனு போடலாம். கல்யாணத் தேதியைக் காட்டினால் அவசரமாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் முந்தைய வாரம் போய் நின்றால் அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும், தேதி போய்விடும். குறைந்தது மூன்று வாரம் கையில் இருக்கட்டும்.

பணத்துக்குப் பயப்படாதீர்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் அந்த உரிமை இருக்கிறது. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவிடம் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது அந்த டீக்கடை விசாரணையைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கோபப்படுத்தியது அதுதான்.

நன்னடத்தை அலுவலர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் கையில் எத்தனையோ வட்டம், எத்தனையோ மனு. பஸ் பிடித்து ஊருக்கு வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கண்ணில் படுகிற இடத்தில் கேட்கிறார்கள். ஆனால் டெல்டாக் கிராமத்தில் டீக்கடை பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெருக்காரர் பேச்சை "ஊர்" என்று எடுத்துக்கொள்வார்கள், எந்தத் தெருக்காரர் பேச்சு அங்கே எடுபடாது என்பதும் தெரியும். நிலம் உள்ள வீட்டுக் கைதிக்கு நாலு பேர் நல்ல வார்த்தை சொல்வார்கள். கூலிக்காரர் வீட்டுக் கைதிக்கு வாய் திறக்க ஆள் இருக்காது. சிறைக்குள்ளேயே சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அடைப்பதும் செல்லாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிறைக்கு வெளியே, ஊர் விசாரணையில் அது எப்படி நுழைகிறது என்று யாரும் இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை.

இந்த முடிவு யாரை நேராகத் தொடுகிறதோ அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கவில்லை. இறந்தவரின் மனைவியிடமும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், அவரும் டீக்கடைக்குப் போகிறவர் இல்லையே. அவர் பெயரைச் சொல்லி உங்களுக்கு மறுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவருக்கு உண்மையில் பயம் இருக்கிறதா, இருந்தால் எதைக் கண்டு, உங்கள் கணவர் ஊரில் இல்லாமல் இருந்தால் போதுமா, இல்லை தேதியை முன்கூட்டிச் சொன்னாலே போதுமா என்று ஒரு பெண் அலுவலர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர்க்காரர்கள் நாம்.

நீதித்துறைச் சீர்திருத்தம் என்று பெரிய வார்த்தையில் பேசும்போது எல்லோரும் புதுச் சட்டத்தையே எதிர்பார்க்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்களும் வந்துவிட்டன. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்குப் பதிலாக ஒன்றிய அரசு 2023இல் மாதிரிச் சட்டமும் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதைவிடப் பெரியது. அலுவலர் இரண்டு வீட்டுக்கும் நேரில் போக வேண்டும். போனதை இரண்டு வீட்டாரின் கையெழுத்தோடு பதிய வேண்டும். பாதகமான அறிக்கை என்றால் கைதிக்கு நகல் கொடுத்துப் பதில் சொல்ல ஒரு வாரம் தர வேண்டும். கல்யாணம், விதைப்பு மாதிரித் தேதி உள்ள மனுவுக்குத் தேதிக்கு முன்னால் உத்தரவு வந்தே ஆக வேண்டும். மறுப்பதானால், நிபந்தனை போட்டு ஏன் அனுமதிக்க முடியாது என்றும் சேர்த்து எழுத வேண்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை, ஒரு அரசாணை போதும்.

இறந்தவரின் குடும்பத்தை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவது கைதிக்கு எதிரானது என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கைதிகளுக்கு உழைப்புக்கேற்ற நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் அந்தக் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யுங்கள் என்றும் சொன்னது. இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் அந்தத் தெருவில் வாழப்போகிறது. உங்கள் கணவர் ஒருநாள் வெளியே வருவார். அன்றைக்குத் திடீரென்று வந்து நிற்பதைவிட, இடையிடையே வந்து போய், பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிவது அந்த வீட்டுக்கும் நல்லது.

மிச்சக் கேள்விகள். விடுப்பில் வெளியே இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியாது. நம் விதிகளின்படி அந்த நாட்களில் தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது. பதினாலு ஆண்டைக் கணக்கிடும்போது பரோல் நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். ரிமாண்டில் எத்தனை நாள் இருந்தார் என்று சிறையில் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள், பிறகு அலைய வேண்டியிருக்காது.

பதினாலு முடிந்தால் தானாகக் கதவு திறக்காது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான். கொலை மாதிரி, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினாலு ஆண்டு முடியும் முன் அரசு தண்டனைக் குறைப்பு அதிகாரத்தில் விட முடியாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 433ஏ, அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் பிரிவு 475. பதினாலுக்குப் பிறகு அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவே. அப்போது, மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு உண்டா, இன்னும் உள்ளே வைத்திருப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000த்தில் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் அதே நன்னடத்தை அறிக்கை வரும். இன்று அந்தத் தாளைத் திருத்த நீங்கள் செய்யும் முயற்சி அன்றைக்கும் உதவும்.

அண்ணா பிறந்தநாள் விடுதலை வேறு வழி. அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்துக்குப் பதினாலு ஆண்டுத் தடை கிடையாது. அந்த அதிகாரத்தில் ஆளுநர் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பேரறிவாளன் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018இல், பத்து ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளுக்கு ஓர் அரசாணை வந்தது. 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளை விடப்போவதாக அரசு அறிவித்து, நவம்பரில் ஆணை வந்தது. 2018இல் உங்கள் கணவர் மூன்று ஆண்டுதான் முடித்திருப்பார், 2021இல் ஆறு. அதனால்தான் பெயர் வரவில்லை. வேறு காரணம் எதையும் நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் காரியத்தை முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி விடுவிப்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. விடுதலை கிடைத்தவர்களுக்காகச் சந்தோஷம்தான். ஆனால் ஒருவர் திருந்தியிருக்கிறாரா என்பதற்கும் நூற்றாண்டு விழாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொருவருக்கும் அவருடைய தேதி வரும்போது தானாகவே பரிசீலனை நடக்க வேண்டும். நல்ல வேளையாக 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கிற மாநிலங்கள், தகுதி வந்தவர்களைக் கைதியோ குடும்பமோ மனுக் கொடுக்காமலேயே பரிசீலிக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கும் இது பெரிய விஷயம். உங்கள் கணவருக்குப் பதினாலு வரும்போது இந்தத் தீர்ப்பை ஞாபகப்படுத்தி நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். கொள்கை பிற்பாடு மாறினாலும், தண்டனை பெற்ற நாளில் எந்தக் கொள்கை இருந்ததோ அதைப் பார்க்க வேண்டும், பின்னால் வந்தது தாராளமாக இருந்தால் அதன் பலனும் கிடைக்க வேண்டும் என்று 2010இல் ஜகதீஷ் வழக்குத் தீர்ப்பு இருக்கிறது.

அப்புறம், விடுப்பு கிடைத்தால். நிபந்தனை உத்தரவை மனுவோடு ஒப்பிட்டு ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஊருக்குள் வரக் கூடாது என்றால் குலதெய்வம் கும்பிடக்கூட வர வேண்டாம். காவல் நிலையக் கையெழுத்து ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, கல்யாணத்தன்றும். முகூர்த்தம் காலையில் என்றால் எத்தனை மணிக்கு வந்து போடலாம் என்று முந்தின நாளே எழுத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளில் மாலைவரை காத்திருக்காமல் காலைப் பஸ்ஸிலேயே திருச்சிக்குக் கிளம்பட்டும். பழுதில்லாத மூன்றாவது விடுப்பு, அடுத்த மனுவில் நீங்கள் இணைக்கப்போகும் முதல் ஆவணம்.

தங்குமிடச் சம்மதக் கடிதத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். மகளுக்கு என் வாழ்த்துகள்.